மடையைத் திறந்துவிட்டு நிற்கிற ஆள்

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நண்பர்களோடு பேசும்போது எப்படியும் ஒரு கேள்வி வந்துவிடும். "தண்ணி கட்டறதுல என்னங்க வேலை இருக்கு? மோட்டாரைப் போட்டுட்டு மரத்தடியில உக்கார வேண்டியதுதானே?"

அப்படி உட்கார்ந்தால் வெள்ளாமை வீடு வந்து சேராதுங்க.

ஒரு பாத்திக்குத் தண்ணியைத் திருப்பிவிட்டால் அது நிரம்பக் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ ஆகும். அந்த நேரத்தில் தண்ணி கட்டுகிறவர் மம்முட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலோரம் ஒரு நடை போய்வருவார். எலிப்பொந்து வழியாகப் பக்கத்துக் காட்டுக்குத் தண்ணி போகிறதா என்று பார்ப்பார். கிணற்றை எட்டிப் பார்ப்பார். ஆட்டுக்கு நாலு கை புல் அறுப்பார். மாடு வெயிலில் நின்றால் நிழலில் மாற்றிக் கட்டுவார. இத்தனைக்கும் நடுவில் 'மடை திறந்து எவ்வளவு நேரமாச்சு' என்ற கணக்கு மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நேரமானதும் போய் மடையை மாற்றிவிட்டு மறுபடியும் நடையைக் கட்டுவார்.

ஆள் ஒருத்தர்தான், கையும் ரெண்டுதான். ஆனாலும் நாலு வேலை நடக்கிறது. ஏனென்றால் எந்த வேலை முன்னாலும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை.

இன்றைக்கு இதை எழுத வைத்தது எங்கள் மோட்டார் ரூமில் தொங்குகிற ஒரு சின்ன டப்பா. அதற்குள் இருப்பது ஆர்டுயினோ யூனோ என்கிற கையகல கார்டு. 2005இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களும் சுலபமாகப் பழகட்டும் என்று தொடங்கிய வேலை, இன்றைக்கு எங்கள் மோட்டார் ரூம் வரைக்கும் வந்திருக்கிறது.

அது எதற்கு என்றால், அப்பாவுக்காக. எங்கள் பக்கம் மூணு பேஸ் கரண்ட் பகலில் கொஞ்ச நேரம், ராத்திரியில் கொஞ்ச நேரம் என்று வரும். ராத்திரி 2 மணிக்கு வந்தால் 2 மணிக்கே தண்ணி கட்டியாக வேண்டும். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நான் போகிறேன் என்றாலும் கேட்கமாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிவிடுவார். வரப்பில் கட்டுவிரியன் கிடக்கும். அவர் திரும்பி வருகிறவரைக்கும் அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். மஞ்சளுக்கும் வெங்காயத்துக்கும் சொட்டுநீர் போட்ட பிறகு, வால்வை மாற்றுகிற வேலையை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்ததற்குக் காரணம் இதுதான்.

பாலிடெக்னிக் படிக்கிற அக்கா பையன்தான் எழுதித் தருகிறேன் என்றான். அவனும் நானுமாக ஒரு லீவு நாளில் திண்ணையில் உட்கார்ந்தோம். மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பு. மூணு வால்வுக்குப் பதில் மூணு சின்ன பல்பு. கிணற்றுக்குப் பதில் ஒரு பக்கெட், அதில் தண்ணி மட்டம் காட்டும் மிதவை சுவிட்ச். காட்டில் மாட்டுவதற்கு முன்னால் எதையும் வீட்டில் ஓட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

அவன் எழுதியிருந்தது, புதிதாகப் படிக்கிற எல்லோரும் எழுதுகிற மாதிரிதான் இருந்தது. முதல் வால்வைத் திற. மோட்டாரைப் போடு. 30 நிமிஷம் காத்திரு. இரண்டாவது வால்வைத் திற. முதல் வால்வை மூடு. 30 நிமிஷம் காத்திரு. சோதனைக்காக 30 நிமிஷத்தை 1 நிமிஷமாகக் குறைத்திருந்தான். பல்புகள் வரிசையாக எரிந்து வரிசையாக அணைந்தன. எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்கண்ணு, இது ஓடிட்டிருக்கறப்ப கெணத்துல தண்ணி வத்திப்போச்சுன்னா?"

"மிதவை இருக்குதுங்க அப்புச்சி. அது சொல்லிரும், மோட்டார் நின்னுரும்."

"எங்க, சொல்லச் சொல்லு பாக்கலாம்."

பையன் பக்கெட்டில் இருந்து மிதவையைத் தூக்கினான். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. 10 விநாடி, 20 விநாடி ஆகியும் எரிந்தது. ஒரு நிமிஷம் முடிந்து வால்வு மாற வேண்டிய நேரம் வந்த பிறகுதான் மோட்டார் பல்பு அணைந்தது.

அப்பா சிரிக்கவில்லை. "அப்படின்னா இது மடையைத் தொறந்துட்டு, மடையவே பாத்துட்டு நிக்கற ஆளு. கெணறு வத்தினாலும் தெரியாது, வாய்க்கா ஒடைஞ்சாலும் தெரியாது" என்றார்.

புரோகிராம் படிக்காத மனுஷர் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தில் மைக்ரோகண்ட்ரோலர் புரோகிராமின் முக்கியமான பாடம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் எங்கள் கிணறு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. 30 நிமிஷக் கணக்கு தொடங்கிப் பத்தாவது நிமிஷத்தில் வத்தினால், மீதி இருபது நிமிஷம் மோட்டார் வெறுமனே ஓடும். காயில் கருகும். கட்டிக் கொண்டுவர ஆகிற செலவு ஒருபக்கம். அது வருகிற வரைக்கும் தண்ணி இல்லாமல் வெங்காயம் காய்கிறது இன்னொரு பக்கம்.

காத்திருக்கச் சொல்கிற அந்தக் கட்டளைக்குப் பெயர் டிலே. ஆர்டுயினோ வாங்குகிற எல்லோருக்கும் முதல் பாடமே ஒரு விளக்கை மினுக்குவதுதான். விளக்கைப் போடு, ஒரு விநாடி டிலே, அணை, ஒரு விநாடி டிலே. விளக்கு மினுக்குவதற்கு இது போதும். ஆனால் டிலே நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? யூனோவில் இருக்கிற சிப் தூங்குவதுகூட இல்லை. விழித்துக்கொண்டே 'நேரமாச்சா, நேரமாச்சா' என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. 30 நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டால் 2,880 கோடி துடிப்பு. அத்தனையும் சும்மா நிற்பதற்கே செலவாகிறது. மிதவையை ஒரு தடவை பார்க்க இதில் ஒரு துளி நேரம் போதும்.

இதற்கு மாற்று என்ன? டிலேயை எடுத்துவிட்டு, மண்டைக்குள் கணக்கு வைத்துக்கொண்டு நடக்கிற ஆளாக அதை மாற்ற வேண்டும். கார்டிலேயே அதற்கு ஒரு வசதி இருக்கிறது, பெயர் மில்லிஸ். கார்டுக்குக் கரண்ட் வந்த நொடியில் இருந்து எத்தனை மில்லிவிநாடி ஆகியிருக்கிறது என்று கேட்டால் சொல்லும். புரோகிராம் வேறு எதைச் செய்துகொண்டிருந்தாலும், சிப்புக்குள் இருக்கிற டைமர் பின்னணியில் இந்தக் கணக்கை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

பையனுக்கு நான் சொன்னது இதுதான். "மாப்ள, எதையும் காத்திருக்கச் சொல்லாதே. எப்ப ஆரம்பிச்சோம்னு எழுதி வெச்சுக்கச் சொல்லு. ஒவ்வொரு சுத்துலயும் கேக்கச் சொல்லு. இப்ப மணி என்ன? ஆரம்பிச்சதைக் கழி. 30 நிமிஷம் ஆச்சா? ஆச்சுன்னா வால்வை மாத்து. ஆகலியா, விட்டுட்டு அடுத்த வேலையைப் பாரு."

லூப் என்கிற பகுதி சுற்றிச் சுற்றி ஓடுவது. எங்கேயும் நிற்காமல் விட்டால் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றிவரும். ஒவ்வொரு சுற்றிலும் வால்வைப் பார், மிதவையைப் பார், கரண்டைப் பார், விளக்கைப் பார் என்று நாலு வேலைக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வரும். ஒவ்வொரு வேலைக்கும் ஞாபகம் வைக்க வேண்டியவை ரெண்டே ரெண்டு: இப்போது என்ன நிலையில் இருக்கிறது, அந்த நிலை எப்போது ஆரம்பித்தது. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு நாலு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கிற மாதிரித் தெரியும். உண்மையில் அங்கே இருப்பது வேகமாக நடக்கிற ஒரே ஆள்தான்.

மாற்றி எழுதிய பிறகு மிதவையைத் தூக்கினோம். பல்பு உடனே அணைந்தது. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பக்கெட்டைத் தட்டினால் தண்ணி ஆடுகிறது, மிதவையும் ஆடுகிறது, பல்பு அணைந்து அணைந்து எரிகிறது. கிணற்றிலும் தண்ணி ஆடத்தானே செய்யும்? மோட்டாரை இப்படிப் போட்டுப் போட்டு நிறுத்தினால் அதுவே அதற்கு எமன். இங்கேயும் அதே கணக்குத்தான் கைகொடுத்தது. மிதவை 'தண்ணி இருக்குது' என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறித்துக்கொள். கடைசியாக அப்படிச் சொல்லி 5 விநாடி ஆகிவிட்டதா? அப்போதுதான் நிறுத்து. நிறுத்திய பிறகு கிணறு ஊறுவதற்கு 2 மணி நேரம் விடு. இதுவும் டிலே இல்லை, இன்னொரு குறிப்பு. அந்த 2 மணி நேரத்திலும் டப்பா மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

வால்வு மாற்றுவதிலும் அப்பா ஒன்று சொன்னார். அடுத்த மடையைத் திறந்த பிறகுதான் முந்தினதை அடைக்க வேண்டும். பைப்பிலும் அப்படித்தான். எல்லா வால்வும் ஒரு நொடி மூடியிருந்தாலும் அழுத்தம் ஏறி எங்கேயாவது பிய்த்துக்கொள்ளும். அதனால் அடுத்த வால்வு திறந்து 10 விநாடி கழித்து முந்தினது மூடுகிற மாதிரி வைத்தோம். அதற்கும் ஒரு குறிப்பு.

இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு, நேரக் கணக்கில் இருக்கிற மூணு பள்ளங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, மில்லிஸ் என்றைக்கும் ஏறிக்கொண்டே போகாது. 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் வந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு ஏறக்குறைய 49.7 நாள் ஆகும். பயப்பட வேண்டியதில்லை. ராத்திரி 11 மணிக்கு மோட்டார் போட்டு 2 மணிக்கு நிறுத்தினால் எத்தனை மணி நேரம் என்று கேட்டால், கடிகாரம் 12ஐத் தாண்டியதை நாம் கண்டுகொள்ளாமல் மூணு என்கிறோம் இல்லையா? கழித்துப் பார்த்தால் சிப்பும் அப்படியே சொல்லிவிடும். அதற்காகத்தான் 'இப்போது கழித்தல் ஆரம்பம்' என்று எழுதச் சொல்கிறேன். 'இத்தனை மணிக்கு நிறுத்து' என்று முடியும் நேரத்தை எழுதி வைத்து ஒப்பிட்டால், அந்த 50ஆம் நாள் வாக்கில் தப்பாகப் போகும். ஆரம்பத்தைக் குறித்துவைக்கிற பெட்டியும் மில்லிஸ் அளவுக்கே பெரியதாக, கழித்தல் குறி இல்லாத வகையாக இருக்க வேண்டும்.

இரண்டு, 30 நிமிஷம் என்பதை 30 பெருக்கல் 60 பெருக்கல் 1000 என்று யூனோவில் அப்படியே எழுதக்கூடாது. வர வேண்டியது 18,00,000. ஆனால் சாதாரண எண்ணுக்கு யூனோ வைத்திருக்கிற பாத்திரம் 32,767 வரைக்கும்தான் கொள்ளும். மூட்டை நெல்லைப் படியில் கொட்டின மாதிரி வழிந்துபோய், படியில் நிற்பது 30,528. அதாவது அரை மணி நேரம் அரை நிமிஷமாகிவிடும். எண்ணுக்குப் பின்னால் பெரிய பாத்திரம் என்று ஒரு குறி போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

மூணு, கரண்ட் போய் வந்தால் மில்லிஸ் மறுபடியும் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கும். எந்த வால்வில் விட்டோம் என்பதும் மறந்துபோகும். கரண்ட் போனாலும் அழியாத சின்ன நினைவகம் ஒன்று சிப்பிலேயே இருக்கிறது. ஆனால் அதன் ஒரு இடத்தில் 1,00,000 தடவைதான் எழுதலாம் என்பது கணக்கு. நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் எழுதினால் 69 நாளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதனால் வால்வு மாறும்போது மட்டும் எழுதுகிறோம். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஆறு தடவை. எங்கள் ஆயுசுக்குப் போதும்.

'இவ்வளவு எதற்கு, இன்டரப்ட் என்று ஒன்று இருக்கிறதே' என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. அது நாய் குரைக்கிற மாதிரி. என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஒரு பார்வை பார்த்துத்தான் ஆக வேண்டும். யூனோவில் 2ஆம் காலும் 3ஆம் காலும் வெளியே இருந்து இப்படிக் கூப்பிடுவதற்கென்றே இருக்கின்றன. எங்கள் மழைமானியை 2ஆம் காலில் மாட்டியிருக்கிறோம். உள்ளே ஒரு சின்னக் கரண்டி நிரம்பிக் கவிழும்போது ஒரு நொடிக்கும் குறைவாக ஒரு துடிப்பு வரும். நாம் சுற்றிவந்து பார்ப்பதற்குள் அது போய்விடலாம். அதனால் அதற்கு இன்டரப்ட் சரி. ஆனால் நாய் குரைத்தால் எட்டிப் பார்க்கத்தான் வேண்டுமே தவிர, அங்கேயே பாய் விரித்துப் படுக்கக்கூடாது. உள்ளே போ, எண்ணிக்கையில் ஒன்று கூட்டு, திரும்பி வா. அவ்வளவுதான். அதற்குள் டிலேயும் வேலை செய்யாது, மில்லிஸும் நகராது. மழை போதுமா, மோட்டாரை நிறுத்தலாமா என்கிற யோசனையெல்லாம் லூப்பில்தான்.

ஈஎஸ்பி32 என்கிற கார்டு இப்போது பிரபலம். அதில் ரெண்டு மூளை, உள்ளே ஃப்ரீஆர்டிஓஎஸ் என்கிற மேஸ்திரி. வேலைகளைத் தனித்தனி ஆளிடம் பிரித்துக் கொடுக்கலாம். ஒருவர் காத்திருக்கும்போது மேஸ்திரி இன்னொருவரை ஓட்டுவார். வசதிதான். ஆனால் ரெண்டு பேர் ஒரே மடையில் கை வைத்தால் என்ன ஆகும் என்று ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மம்முட்டி இப்போது யார் கையில் என்று பூட்டு, சாவி வைத்துப் பழக வேண்டும். ஒரே ஆளை நிற்காமல் நடக்கப் பழக்கிவிட்டு, அப்புறம் நாலு ஆள் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு பயம் பாக்கி இருந்தது. நிற்காமல் நடக்கிற ஆளே எங்கேயாவது சிக்கி நின்றுவிட்டால்? அதற்கும் சிப்புக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான், வாட்ச்டாக். யூனோவில் அதிகபட்சம் 8 விநாடி வரைக்கும் வைக்கலாம். அந்த நேரத்துக்குள் லூப் வந்து 'இருக்கேன்' என்று குரல் கொடுக்காவிட்டால், தலையில் தட்டி முதலில் இருந்து எழுப்பிவிடுவான். 30 நிமிஷம் டிலே போட்ட பழைய புரோகிராமில் இவனை வைத்திருக்கவே முடியாது. இப்போது முடிந்தது.

மோட்டாரின் பெரிய கரண்ட் இந்தக் கார்டு பக்கம் வருவதே இல்லை. ரிலே வழியாக ஸ்டார்ட்டரின் காயிலுக்கு மட்டும்தான் தொடர்பு, அதுவும் எலக்ட்ரீஷியன் வந்து மாட்டிக் கொடுத்தது. கையால் நிறுத்துகிற பட்டனும் பழையபடியே இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "அது முழிச்சிருக்குதுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. அதனால் மோட்டார் ரூம் சுவரில் வெளிப்பக்கமாக ஒரு பச்சை விளக்கு வைத்தோம். மோட்டார் ஓடினால் வேகமாக மினுக்கும். கிணறு ஊறட்டும் என்று காத்திருந்தால் மெதுவாக மினுக்கும். ஒவ்வொரு மினுக்கும் லூப் சுற்றி வந்து போடுவது. லூப் நின்றால் மினுக்கலும் நின்றுவிடும். முதல் பாடத்தில் பையன் மினுக்கப் பழகிய அதே விளக்குத்தான், டிலே மட்டும் இல்லை.

வெங்காயம் ஒரு போகம் எடுத்தாயிற்று. அப்பா இப்போதும் ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்கிறார். கட்டிலில் இருந்தபடியே மோட்டார் ரூம் பக்கம் பார்க்கிறார். பச்சை மினுக்கினால் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுக்கிறார். டார்ச் ஆணியிலேயே தொங்குகிறது.